ஏழைகளின் திராட்சத்தோட்டம்

தியானப் பகுதி: லூக்கா 10:25–37



ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையன்று, பிரான்சு தேசத்தின் பர்கண்டிப் பகுதியிலுள்ள 'போன்' என்னும் சிறு நகரத்தில் ஓர் ஏலம் நடைபெறுகிறது. ஏலத்துக்கு வருவது நிலமோ நகையோ அன்று. ஓக் மரப் பீப்பாய்களில் நிரப்பப்பட்ட புதிய திராட்சரசம். அதில் பெரும்பகுதி பர்கண்டியின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின். ஒரு பீப்பாய்க்கு 228 லிட்டர். சில வாரங்களுக்கு முன் பறித்த பழத்தின் ரசம் ஆகையால் அது இன்னும் குடிப்பதற்குப் பக்குவப்படவில்லை. ஆயினும் உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் போட்டியிட்டு விலை கேட்கிறார்கள். 2022ஆம் ஆண்டு ஏலத்தில் 802 பீப்பாய்கள் ஏறக்குறைய 3 கோடி யூரோவுக்கு விலைபோயின. அந்தப் பணம் எந்த முதலாளியின் பெட்டிக்கும் போவதில்லை. அது அந்நகரத்து மருத்துவமனைக்குச் சேர்கிறது.

போதகர் இந்த வாரம் ஒயினைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டாரே என்று உங்களில் சிலர் புருவம் உயர்த்துவீர்கள். குடியினால் சிதைந்த குடும்பங்களுக்காக உங்களோடு முழங்காலில் நின்று ஜெபித்தவன் நான். குடிக்கும்படி எவரையும் நான் தூண்டமாட்டேன். நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது பாத்திரத்திலுள்ள ரசத்தை அல்ல. அந்த ரசம் வருகிற தோட்டத்தை, அந்தத் தோட்டத்தைக் கொடுத்த கைகளை, அக்கைகளின் அழுக்கையுங்கூடக் காட்ட விரும்புகிறேன்.

நாம் சற்றேறக்குறைய ஆறு நூற்றாண்டுகள் பின்னே செல்லவேண்டும். பிரான்சும் இங்கிலாந்தும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விட்டுவிட்டுப் போரிட்டுக்கொண்டிருந்த காலம். பர்கண்டி அப்போது பலம் பொருந்திய கோமகன்களின் ஆட்சியில் இருந்தது. 1435ஆம் ஆண்டில் ஆராஸ் நகரத்தில் பர்கண்டிக் கோமகனும் பிரான்சு அரசனும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். எழுத்தில் சமாதானம் வந்தது. கிராமங்களுக்கு அது வரவில்லை. கூலியற்றுப்போன போர்வீரர்கள் கூட்டங்கூட்டமாகத் திரிந்து கொள்ளையிட்டார்கள். மக்கள் அவர்களுக்கு இட்ட பெயர் 'தோலுரிப்போர்' என்பது. கொள்ளையைத் தொடர்ந்து பஞ்சமும், பஞ்சத்தைத் தொடர்ந்து கொள்ளைநோயும் வந்தன. போன் நகரத்தில் ஏழைகள் பெருகினார்கள். அவர்கள் நோயுற்றால் கிடப்பதற்கு இடமில்லை.

அந்நாட்களில் பர்கண்டிக் கோமகன் பிலிப்புக்கு முதன்மை அமைச்சராக இருந்தவர் நிக்கோலா ரோலன். ஓத்தன் நகரத்தில் பிறந்த இவர், சட்டம் கற்று, வழக்கறிஞராகத் தொடங்கி, 1422இல் அமைச்சர் பதவியை அடைந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரைக் கேளாமல் அந்த நாட்டில் பெரிய காரியம் எதுவும் நடைபெறவில்லை. ஆராஸ் உடன்படிக்கையிலும் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. அதிகாரத்தோடு செல்வமும் வந்து குவிந்தது. எத்தனை கைகளிலிருந்து அது வந்தது என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தார்கள். ரோலன் இந்தப் பூமியே தமக்கு நித்திய வாசஸ்தலம் என்பதுபோல இங்கேயே அறுத்துச் சேர்த்தார் என்று ஒரு வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். உலக காரியங்களில் அவர் ஞானி, ஆவிக்குரிய காரியங்களைப் பற்றி நான் பேசாதிருப்பதே நலம் என்னும் கருத்தில் மற்றொருவர் எழுதினார்.

அந்த மனிதர் 1443 ஆகஸ்டு 4ஆம் நாள், தம் மனைவி கிகோன் த சலானோடு சேர்ந்து, போன் நகரத்தில் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனையை நிறுவும் சாசனத்தை எழுதினார். அதன் பெயர் 'ஒட்டெல் தியே'. 'தேவனுடைய சத்திரம்' என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். நல்ல சமாரியன் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஒரு சத்திரத்தில்தான் என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதன் செலவுக்காக சலான் ஊரின் உப்பாலை வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 1000 லீவர் என்று ஒரு நிலையான தொகையை ரோலன் ஒதுக்கினார். கட்டிடம் எழும்புமுன்னரே, நாள்தோறும் காலை எட்டு மணிக்கு வாசலில் வரும் ஏழைகளுக்கு அப்பம் கொடுக்கப்படவேண்டும் என்றும் கட்டளையிட்டார்.

கட்டிடம் முடிய எட்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1452 ஜனவரி முதல் நாள் முதல் நோயாளி உள்ளே ஏற்றுக்கொள்ளப்பட்டார். நீங்கள் இன்று அங்கே சென்றால், தெருப்பக்கம் ஆடம்பரமற்ற சுவரும் கருங்கல் ஓட்டுக் கூரையும் மட்டுமே தெரியும். உள்முற்றத்தில் நுழைந்தபின்தான் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய் மின்னும் புகழ்பெற்ற ஓடுகளைக் காண்பீர்கள். உள்ளே 'ஏழைகளின் மண்டபம்'. அதன் நீளம் 50 மீட்டர். கவிழ்த்துவைத்த கப்பலின் அடிப்பாகம் போன்ற மரக்கூரை. இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் சிவப்புத் திரை. மண்டபத்தின் கோடியில், சுவரால் பிரிக்கப்படாமல், சிற்றாலயம். எழுந்து நடக்க இயலாதவரும் படுத்த இடத்திலிருந்தே ஆராதனையில் கலந்துகொள்ளும்படி அது அமைக்கப்பட்டிருந்தது.

திராட்சத்தோட்டம் இந்தக் கதைக்குள் வருவது அதன் பிறகுதான். 1457ஆம் ஆண்டில் கில்மெத் லெவர்னியே என்னும் ஒரு பெண் தம் திராட்சத்தோட்டத்தை மருத்துவமனைக்கு எழுதிவைத்தார். முதலாவதாகத் தோட்டம் கொடுத்தவர் அவரே. ரோலனைப் போல அவரை எந்த ஓவியரும் வரையவில்லை. ஆனால் அவர் காட்டிய வழியில் நூற்றாண்டுதோறும் மற்றவர்கள் வந்தார்கள். பிள்ளையற்றவர்கள், கணவனை இழந்தவர்கள், அங்கே பணிசெய்த மருத்துவர்கள், நோயிலிருந்து எழுந்து வீடு திரும்பியவர்களின் உறவினர்கள் என்று பலதரப்பட்டவர்களும் ஒரு சிறு துண்டு, ஒரு சரிவு, சில வரிசைக் கொடிகள் என்று கொடுத்துச் சேர்த்ததே, இன்று ஏறக்குறைய 60 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் தோட்டம். அதில் பெரும்பகுதி 'பினோ நுவார்' என்னும் கறுப்புத் திராட்சை.

இந்தத் திராட்சையைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். 1395ஆம் ஆண்டில், ரோலன் பணிசெய்த கோமகனின் பாட்டனாராகிய மற்றொரு பிலிப், 'கமே' என்னும் திராட்சை இனத்தைத் தம் நாட்டிலிருந்து வேரோடு பிடுங்கி எறியும்படி ஆணையிட்டார். கமே மிகுதியாகக் காய்க்கும். ஆனால் அதன் ரசம் தரமற்றது என்று அவர் கருதினார். பினோ நுவார் குறைவாகக் காய்க்கும், தோல் மெல்லியது, பனிக்கும் மழைக்கும் எளிதில் கெடும். ஆயினும் பர்கண்டியின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது அதுவே. கறுப்பாயிருந்தாலும் அதன் சாற்றுக்கு நிறமில்லை. பழத்தைப் பிழிந்து உடனே வடித்துவிட்டால் வெளிறிய ரசமே கிடைக்கும். தோலோடும் விதையோடும் நாட்கணக்கில் ஊறி, நுரைத்துப் பொங்கி, மேலே மிதந்து வரும் தோலை மறுபடி மறுபடி உள்ளே அமிழ்த்தும்போதுதான் அது சிவக்கிறது. அதன்பின் மாதக்கணக்கில் ஓக் பீப்பாயில் அமர்ந்திருக்கிறது.

அக்காலத்து மருத்துவமனைக்கு ரசம் பல வகையில் பயன்பட்டது. குடிதண்ணீரை நம்பமுடியாத நகரங்களில் அது பானம், புண்ணைக் கழுவும் மருந்து, மெலிந்தவருக்கு ஊட்டம். சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததையும், வயிற்று நோயுள்ள தீமோத்தேயுவுக்குப் பவுல் கூறிய ஆலோசனையையும் இந்தப் பின்னணியில் நினைத்துப்பாருங்கள். நோயாளிகளின் தேவைக்கு மேல் விளைந்ததை மருத்துவமனை விற்றது. 1859 முதல் அது பகிரங்க ஏலமாயிற்று. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை அதன் கடைவிலையைப்போல் பத்து மடங்கு கொடுத்து எடுத்து, மகிழ்ச்சியோடு வீட்டுக்குச் சுமந்துபோகிற உங்களுக்கு, அந்த ஏலத்தின் இரகசியத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

அந்த ஒயின்களுக்கு இடப்பட்டுள்ள பெயர்களைக் கேளுங்கள். ஒன்றின் பெயர் நிக்கோலா ரோலன். ஒன்றின் பெயர் கிகோன் த சலான். அனாதைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் 17ஆம் நூற்றாண்டில் ஓர் இல்லம் நிறுவிய ரூசோ, தெலாந்த் தம்பதியரின் பெயரால் ஒன்று. மருத்துவர் பெஸ்த் என்பவரின் பெயரால் ஒன்று. 'பெஸ்த்' என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் கொள்ளைநோய் என்று பொருள். அப்படிப்பட்ட பெயரோடு ஒருவர் நோயாளிகளின் கட்டிலருகே நின்றிருக்கிறார்! எனக்கு மிகவும் பிடித்தது 'தாம் ஒஸ்பித்தாலியேர்' என்பது. 'மருத்துவமனைச் சகோதரிகள்' என்று அதற்குப் பொருள். தோட்டம் ஏதும் கொடுக்க இயலாமல், தங்கள் கைகளையும் இரவுகளையும் கொடுத்த பெண்களின் நினைவாக வந்த பெயர் அது.

பிரியமானவர்களே, இதுவரை வாசித்தபோது உங்கள் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கவேண்டும். ரோலன் கொடுத்தது யாருடைய பணம்?

பர்கண்டியின் எதிரியாகிய பிரான்சு அரசன் பதினோராம் லூயி, இந்த மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்பட்டு, இத்தனை பேரை ஏழைகளாக்கிய மனிதன் அவர்களுக்கு ஒரு தங்குமிடம் கட்டிக்கொடுப்பது நியாயந்தானே என்று எள்ளியதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவன் சொன்னானோ இல்லையோ, அந்தக் குத்தல் இன்றும் மறக்கப்படவில்லை. ரோலனுடைய சாசனத்தை வாசித்தாலும் நமக்குச் சங்கடமே. அழிந்துபோகும் பொருளைக் கொடுத்து அழியாத பொருளைப் பெறும் ஒரு நல்ல வியாபாரமாகவே தம் கொடையை அவர் அதில் குறிப்பிடுகிறார். இரட்சிப்பு கிருபையினால் வருவது, கிரியைகளினால் வாங்கப்படுவதல்ல என்று ஞாயிறுதோறும் கேட்கிற நாம் இதை ஒப்புக்கொள்ள முடியாது. சகேயுவை அவரருகே நிறுத்திப் பாருங்கள். அவன் ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்றான். அதோடு நில்லாமல், தான் அநியாயமாய் வாங்கியவர்களுக்கு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். ரோலனிடத்தில் நான் தேடிக் காணாதது அந்த இரண்டாவது வாக்கியம். தர்மம் செய்வது ஒன்று. பறித்ததைப் பறிகொடுத்தவனிடமே திரும்பச் சேர்ப்பது வேறொன்று. ஆண்டவர் இரண்டையும் கேட்கிறார்.

ஆயினும் நாம் எளிதாகத் தீர்ப்பிட்டுவிடாதபடி, அந்த மருத்துவமனையிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. சிற்றாலயத்தின் பீடத்துக்காக ரோலன், அக்காலத்தின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவரான ரோகியர் வான் டெர் வெய்டனைக் கொண்டு ஒரு பெரிய ஓவியத்தை வரைவித்தார். பல பலகைகளால் ஆனது; கதவுபோல் மூடித் திறக்கக்கூடியது. பொருள், கடைசி நியாயத்தீர்ப்பு. வானவில்லின்மேல் வீற்றிருக்கும் கிறிஸ்து. அவருக்குக் கீழே தராசில் மனிதரை நிறுக்கும் தூதன். ஒருபுறம் ஒளியின் வாசல், மறுபுறம் நெருப்பு.

வாரநாட்களில் அந்த ஓவியம் மூடப்பட்டிருக்கும். அப்போது வெளிப்புறத்தில் தெரிவது யார்? இரு ஓரங்களிலும் முழங்காற்படியிட்டிருக்கும் ரோலனும் அவர் மனைவியும். கட்டிலில் கிடந்த ஏழை கண்விழிக்கும்போதெல்லாம், தனக்குக் கட்டில் கொடுத்த செல்வனைக் கண்டான். கொடையாளிகள் எப்போதும் விரும்புவது அதைத்தானே! ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் கதவுகள் திறக்கப்பட்டன. திறந்தபோது, ரோலனின் உருவம் வரையப்பட்ட பலகை பின்பக்கமாகத் திரும்பி மறைந்துபோயிற்று. அவர் இருந்த இடத்தில் கிறிஸ்துவும் தராசும் தெரிந்தன. அந்தத் தராசின் முன்னால் நோயாளிகள் படுத்திருந்தார்கள். மிகவும் சிறியவராகிய இவர்களில் ஒருவனுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஆண்டவர் கணக்கிடுவார் என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிறோமே, அந்தச் சிறியவர்கள் அவர்களே. தம்மை நிறுக்கப்போகும் தராசைத் தம் சொந்தச் செலவிலேயே ரோலன் அங்கே நிறுத்திவைத்தார். அவர் உள்ளத்தில் இருந்தது வெறும் வியாபாரமா, நடுக்கமும் மனந்திரும்புதலும் சேர்ந்திருந்தனவா என்பதை அந்தத் தராசைப் பிடித்திருப்பவர் அறிவார். 1462இல் ரோலன் மறைந்தார். கிகோன் அதன்பின் 1470இல் தாம் மறையும்வரை மருத்துவமனையைக் கவனித்துவந்தார். அந்தச் சிற்றாலயத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார்.

அழுக்கு ரோலனோடு முடிந்துவிடவுமில்லை. 1942ஆம் ஆண்டில், ஜெர்மானியப் படைகள் பிரான்சில் நின்ற காலத்தில், அவர்களோடு ஒத்துழைத்த அரசின் தலைவரான மார்ஷல் பெத்தானுக்கு, ஏழைகளுக்கென்று கொடுக்கப்பட்ட இந்தத் தோட்டத்திலிருந்தே ஒரு பகுதி பரிசாக எழுதிக்கொடுக்கப்பட்டது. போருக்குப்பின் அது மீண்டும் மருத்துவமனையிடம் வந்துசேர்ந்தது. புனித நோக்கத்துக்கென்று பிரித்துவைத்ததைக்கூட அதிகாரத்தின் முன்னே தட்டில் வைத்து நீட்டும் பலவீனம், ஐந்நூறு ஆண்டு தர்மத்தின் வாரிசுகளுக்கும் இருந்தது. நமக்கும் உண்டு.

கொடிகளும் நிலைத்திருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ஃபில்லாக்சரா' என்னும் நுண்ணிய பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. பர்கண்டியும் தப்பவில்லை. அமெரிக்கக் கொடிகளின் வேர்ப்பகுதியில் பழைய இனத்தின் தண்டை ஒட்டுக்கட்டி, தோட்டங்களை முதலிலிருந்து நட்டார்கள். கில்மெத் லெவர்னியே கொடுத்த கொடி ஒன்றும் இன்று உயிரோடில்லை. அவர் தொடங்கிவைத்த கொடை இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் குனிந்து, கிளை நறுக்கி, மறுபடியும் நட்டதனால் அது இருக்கிறது. 1971இல் நோயாளிகள் நவீன மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். பழைய மண்டபம் அருங்காட்சியகமாயிற்று. தோட்டத்தின் வருமானமோ புதிய மருத்துவமனையின் கட்டிடங்களுக்கும் கருவிகளுக்கும் இன்றும் போகிறது.

இந்த வரலாற்றை நான் உங்கள்முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. நாம் ரோலனைவிட நல்ல உபதேசத்தை உடையவர்கள். கிருபையைப் பற்றி அவர் அறிந்ததைவிடத் தெளிவாக நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் தவறான கணக்குப் போட்ட அந்த மனிதரின் சத்திரத்தில், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏழைகள் காய்ச்சல் தணிந்து எழுந்தார்கள். சரியான கணக்குப் போடும் நாம் என்ன நட்டிருக்கிறோம்? கிரியைகளினால் இரட்சிப்பில்லை என்னும் சத்தியத்தை, கிரியையே தேவையில்லை என்பதற்குச் சாக்காக நாம் எத்தனை முறை பயன்படுத்தியிருக்கிறோம்! உவமையில் ஆசாரியனும் லேவியனும் சரியான உபதேசத்தோடுதான் விலகிப்போனார்கள். சமாரியனோ இரண்டு வெள்ளிப் பணத்தைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் பொறுப்பேற்றான்.

அன்பானவர்களே, உங்களில் பலர் தாராளமாய்க் கொடுக்கிறீர்கள். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். இந்த வாரம் இரண்டு காரியங்களை மட்டும் ஜெபத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது, நீங்கள் கொடுக்கிற கையில் மற்றொருவருடைய பங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? வேலையாளுக்குக் குறைத்த கூலி, உடன்பிறந்தவளுக்குத் தராத பாகம், திருப்பிக் கொடாத கடன் எதுவாயினும் அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். உரியவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டாவது, நீங்கள் கண்மூடிய பின்னும் காய்க்கக்கூடிய எதையாவது ஏழைகளுக்காக நட்டிருக்கிறீர்களா? அது நிலமாக இருக்கவேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் படிப்பாயிருக்கலாம். ஒரு நோயாளிக்கென்று மாதந்தோறும் ஒதுக்கும் தொகையாயிருக்கலாம். அந்தச் சகோதரிகளைப்போல் ஒரு கட்டிலருகே விழித்திருந்த இரவாயிருக்கலாம். உங்கள் பெயர் அதில் பொறிக்கப்பட்டாலும் சரி, பொறிக்கப்படாவிட்டாலும் சரி. கதவு திறக்கும் நாளில் நம் முகம் பின்பக்கம் திரும்பிவிடும். கிறிஸ்துவின் முகமே தெரியும். அதுவே நமக்குப் போதும்.

ஜெபம்: எங்கள் காயங்களைக் கட்டின ஆண்டவரே, எங்கள் கைகளை முதலாவது கழுவும், பின்பு அவற்றைத் திறக்கச்செய்யும். நாங்கள் பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும் தைரியத்தையும், எங்களுக்குப் பின்வருகிறவர்களுக்காக நடும் பொறுமையையும் தாரும். எங்கள் கொடையை அல்ல, உம்முடைய கிருபையையே நாங்கள் நம்பியிருக்கிறோம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.